முதலில் சாகிற அத்தை

எங்கள் அணியில் முதலில் சாவது நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, புகாராகவும் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும் யார் எத்தனை பேரைக் கொன்றார்கள், யார் எத்தனை தடவை செத்தார்கள் என்று திரையில் வரும். சாவு வரிசையில் என் பெயர் உச்சியில் நிற்கும். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, இதுலயாச்சும் ஃபர்ஸ்டு வந்தியே" என்பார். அவர் பஸ் ஓட்டுகிறவர். மலாக்கா டவுனுக்கும் புலாவ் செபாங்குக்கும் நடுவே அவரைப்போல நிதானமாக ஓட்ட ஆளில்லை என்று பயணிகளே சொல்வார்கள். கைப்பேசி ஆட்டத்தில் இறங்கிவிட்டால் மட்டும் மனிதருக்குப் பிரேக் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

நான் இந்த ஆட்டத்துக்குள் வந்ததே அவரை வேவு பார்க்கத்தான். ஒரு டிரிப்புக்கும் இன்னொரு டிரிப்புக்கும் நடுவில் பொழுது போகவில்லை என்று தொடங்கியவர், வீட்டிலும் தட்டுக்கு முன்னால் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். நான் புக்கிட் பெருவாங்கில் ஒரு பல் கிளினிக்கின் கவுண்டரில் உட்காருகிறவள். நாள் முழுக்க வாயைப் பிளக்கிற ஆட்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே ஒருவர் வாயையே திறப்பதில்லை. அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று, அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் எடுத்துத் தட்டிப் பார்த்தேன். அவர் துண்டோடு வெளியே வருவதற்குள் அவருடைய ஆளைப் பல தடவை சாகடித்திருந்தேன். "போச்சு, என் ரேங்க் போச்சு" என்று ஈரத்தலையோடு புலம்பினார். எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மறுநாளே என் கைப்பேசியிலும் இறக்கிக்கொண்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். எதிரியின் கோட்டையை யார் முதலில் உடைக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். செத்தால் திரை சாம்பல் நிறமாகிவிடும். கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி எழுந்து ஓடிவரலாம். என் கணவர் டேங்க். அதாவது எல்லாருக்கும் முன்னால் போய் நின்று அடியை வாங்குகிறவர். நான் ஹீலர். அடிபட்டவர்களுக்கு உயிர் ஊற்றுகிறவள். யாருக்கு என்று விரலால் காட்டினால் அவருக்குப் போய்ச் சேரும். ஒரு தடவை ஊற்றினால் அடுத்த தடவைக்குச் சற்றுப் பொறுக்க வேண்டும், அதனால் யாருக்கு என்று யோசித்துத்தான் ஊற்ற வேண்டும். எனக்கே நான் ஊற்றிக்கொள்ளவும் முடியும். இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தெரியாமல் இல்லை.

எங்களை அணியில் சேர்த்தது என் அண்ணன் மகள். ஆயர் குரோவில் காலேஜ் படிக்கிறாள். அவள்தான் கேப்டன். அவள் அணியிலிருந்த இரண்டு பேர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். "வேற ஆளு கெடைக்கல அத்தை, அதான்" என்று மறைக்காமல் சொல்லித்தான் எங்களைக் கூப்பிட்டாள். மற்ற இருவர், டயர் கடையில் வேலை பார்க்கும் ஒரு தம்பியும் நர்சிங் படிக்கும் ஒரு பெண்ணும். அண்ணன் வீடு புலாவ் செபாங்கில் செம்பனைக் காட்டை ஒட்டி இருக்கிறது. அங்கே மழை தூறினாலே லைன் படுத்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் என் வீட்டு ஹாலில் கூடுவோம். மற்ற நாட்களில் சாமிக்கு விளக்கு ஏற்றிவிட்டு, அவரவர் வீட்டிலிருந்து காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஆடுவோம்.

என் அண்ணன் மகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது வேறு ஆள், கைப்பேசியைக் கையில் எடுத்தால் வேறு ஆள். ஆனால் என்ன கத்தினாலும் மரியாதை குறையாது. "மாமா, நீங்க போயி செத்துடுங்க மாமா, நாங்க பின்னால வர்றோம்" என்பாள். இவரும் "சரிம்மா" என்று போய்ச் செத்துவிட்டு வருவார். ஒரு நாள் அவள் "ஐயோ, மாமா செத்துட்டாரு, அத்தையும் செத்துட்டாங்க" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா மாவுக் கையோடு ஓடி வந்துவிட்டார். வந்து பார்த்தால் செத்தவர்கள் இருவரும் சோபாவில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறோம். அந்த அக்கா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இப்படியே சிரித்துக்கொண்டு போயிருக்கும். நடுவில் ஒரு போட்டி வந்தது. மலாக்கா மாநிலத்து அணிகளுக்கு மட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரவர் இடத்திலிருந்தே ஆடலாம். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று ஆட்டம், இரண்டில் ஜெயிக்க வேண்டும். கேப்டன் பெயர் கொடுத்தாள். பெயர் கொடுத்த அன்று சாயங்காலம் தனியாக என்னைப் பார்க்க வந்தாள். மீகூன் போட்டுக் கொடுத்தேன். பாதி சாப்பிட்டதும், "அத்தை, கோச்சுக்காதீங்க" என்றாள். அப்படி ஆரம்பித்தாலே கோபித்துக்கொள்கிற விஷயம்தான்.

"டயர் கடை அண்ணனோட கூட்டாளி ஒருத்தரு இருக்காரு. ஹேண்ட்போன் கடையில வேல. ஹீலர் நல்லா ஆடுறாரு. போட்டிக்கு ஆறாவது ஆளா அவரையும் எழுதியிருக்கேன். நீங்கதான் ஆடுவீங்க. ஆனா முதல் ரெண்டு ஆட்டத்துலயும் நீங்களே முதல்ல செத்தீங்கன்னா, கடைசி ஆட்டத்துல உங்க எடத்துல அவர உக்கார வெச்சிடுவேன். அப்புறம் அவருதான் லா, ரெகுலரா."

"அதுக்கென்ன, தாராளமா வைய்யி" என்றேன். எனக்குச் சுருக்கென்றது. அவள் போன பிறகு பாத்திரங்களைக் கழுவிய வேகத்தில் ஒரு கோப்பையின் காது கையோடு வந்துவிட்டது.

கோப்பையின் மேல் எனக்கென்ன கோபம்? வீட்டில் நான் இல்லாவிட்டால் சோறு இல்லை, அதனால் தேடுவார்கள். கிளினிக்கில் நான் இல்லாவிட்டால் நம்பர் கூப்பிட ஆளில்லை, அதனால் தேடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான், விளையாடுவதற்காக என்னைத் தேடுகிறார்கள். "அத்தை வந்தாச்சா, ஆரம்பிக்கலாமா" என்று நான்கு பேர் கைப்பேசியை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறார்கள். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு இந்த வாழ்க்கையில் எனக்கு அப்படி ஒன்று கிடைத்திருக்கிறது. அதை ஹேண்ட்போன் கடைக்காரருக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசில்லை.

அடுத்த ஞாயிறு, கேப்டன் பழைய ஆட்டம் ஒன்றைப் பதிவு செய்து கொண்டுவந்து எங்கள் வீட்டு டிவியில் போட்டாள். எங்கே தப்பு நடக்கிறது என்று பார்ப்பதற்காம். பெரிய திரையில் என்னைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை. நீலப் பாவாடை கட்டிய என் ஆள், தலைக்கு மேலே உயிர்க்கோடு சிவப்பு நூலாகச் சுருங்கிக் கிடக்க, இங்கும் அங்கும் ஓடி ஊற்றிக்கொண்டிருக்கிறது. நர்சிங் பெண்ணுக்கு முக்கால்வாசி உயிர் இருக்கிறது. "போதும் ஆன்ட்டி" என்று அவள் சொல்வது பதிவிலேயே கேட்கிறது. நான் மேலும் ஊற்றுகிறேன். பந்தியில் இலையைக் கையால் மறைத்தாலும் விடாமல் சாம்பார் ஊற்றுகிறவர்கள் இருப்பார்களே, அப்படி. கடைசியில் கணவருக்காக, கோட்டைக்குக் காவலாக நிற்கும் எதிரியின் கோபுரத்தடிக்கே போய் ஊற்றுகிறேன். அவர் தெம்பாக எழுந்து நடந்து போகிறார். நான் அங்கேயே விழுகிறேன்.

"மாமா திரும்பிக்கூடப் பாக்கல" என்றான் டயர் கடைத் தம்பி.

"லைன் ஸ்லோ" என்றார் என் கணவர்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் கேப்டன் கண்டுபிடித்தாள். ஐந்து பேர் ஆடுகிற வீட்டில் ஐந்து பேரும் ஒன்றாக உட்காருவதில்லை. நான்கு பேர் உட்காருவார்கள், நான் பரிமாறுவேன். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். என் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை, சாப்பிட்டு முடித்ததைத்தான் பார்த்திருக்கிறோம். எனக்கும் அதுவே பழகிவிட்டது. இதில் தியாகம் கியாகம் என்று யாரும் கண்ணீர் விட வேண்டாம். நடுவில் உட்கார்ந்துவிட்டால் யார் என்ன வீணாக்குகிறார்கள் என்று பார்க்க முடியாது, அவ்வளவுதான். அதோடு இவருக்குச் சரியாகப் போட்டுக்கொள்ளவும் தெரியாது.

அன்று கோழிப் பெரட்டல். நான் கரண்டியோடு சுற்றிக்கொண்டிருந்ததைக் கேப்டன் சோற்றைப் பிசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அத்தை, ஆட்டத்துல மட்டும் இல்ல. நீங்க வீட்லயும் இப்படித்தான் ஆடுறீங்க" என்றாள்.

"எப்படி?"

"எல்லாருக்கும் ஊத்திட்டு, உங்களுக்கு வர்றப்ப சட்டி காலி."

அடுத்த ஞாயிறிலிருந்து புதுப் பயிற்சி என்று அறிவித்தாள். நான்தான் முதலில் உட்கார வேண்டும். நான் பாதித் தட்டு முடிக்கும்வரை வேறு யாரும் சட்டியைத் தொடக்கூடாது. "இதுக்கும் கேமுக்கும் என்னா சம்பந்தம்?" என்று என் கணவர் கேட்டார். அவருக்குப் பசி தாங்காது. "சம்பந்தம் இருக்கு மாமா" என்று சொல்லி அவள் பேச்சை முடித்துவிட்டாள்.

நான் எத்தனையோ பேருடைய கல்யாணத்தில் நின்று பந்தியைக் கவனித்தவள். நூறு பேருக்கு என்றாலும் அலுக்காது. ஆனால் அன்று மேசையில் தனியாக ஒரு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, சுற்றிலும் நான்கு பேர் நின்று பார்க்கச் சோற்றில் கை வைத்தேனே, அதுபோல ஒரு கஷ்டத்தை நான் பட்டதில்லை. டயர் கடைத் தம்பி எச்சில் விழுங்குவது காதில் கேட்டது. என் கணவர் கோயிலில் தீபாராதனைக்கு நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அப்பளம் பொரிக்கல" என்று எழுந்தேன்.

"உக்காருங்க அத்தை."

"தண்ணியாச்சும் எல்லாருக்கும் எடுத்து வெக்கிறேனே."

"பின்னால போகாதீங்க அத்தை. உக்காருங்க லா."

உட்கார்ந்தேன். சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கேப்டன் குனிந்து பார்த்தாள். "இது என்னா?"

"கோழிதான்."

"கழுத்து. அத வெச்சிட்டுத் தொடைய எடுங்க."

எங்கள் வீட்டுக் கோழிக்கு இரண்டு தொடை. ஒன்று விருந்தாளிக்கு, ஒன்று இவருக்கு. கல்யாணமான நாளிலிருந்து இதற்குச் சட்டமும் இல்லை, மாற்றமும் இல்லை. நான் தொடையை எடுத்தபோது அவர் கண் கரண்டியோடு சட்டியிலிருந்து என் தட்டுவரைக்கும் வந்தது. பாவம்.

கடித்தேன். சூடாக இருந்தது. மசாலா உள்வரை இறங்கியிருந்தது, எலும்பைத் தொட்டாலே சதை கழன்று வந்தது. இத்தனை வருஷமாக இவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. நானும் ஆறிப்போன மிச்சத்தைத் தின்றுவிட்டு, ஏதோ சுமாராகச் சமைக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். நான் பிரமாதமாகச் சமைக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அவர்மேல் அடக்க முடியாத கோபம் வந்தது.

சொல்லிவைத்தாற்போல ஆட்டத்தில் உடனே மாறிவிட்டேன் என்று நினைத்தால், அதுதான் இல்லை. விரல் பழைய விரல்தானே. கேப்டன் காதுக்குள் "உங்களுக்கு, உங்களுக்கு" என்று கத்துவாள். என் விரல் தானாக இவர் பக்கம் போகும். போட்டி நாள் வரைக்கும் இதே கதைதான்.

போட்டியன்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போய்விடக் கூடாதே என்று சாமிக்குச் சூடம் காட்டினேன். காலையிலேயே ஒரு கோழியைப் பெரட்டி மூடி வைத்துவிட்டேன். ஹேண்ட்போன் கடைக்காரரும் வந்துவிட்டார். முப்பது வயதிருக்கும். அமைதியான மனிதர், செருப்பைக்கூட ஓரமாக நேர் செய்து வைத்தார். வெறுக்கலாம் என்றால் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். முதலில் செத்தது நான்தான், ஆனால் ஜெயித்த சந்தோஷத்தில் யாரும் அதைப் பேசவில்லை. இரண்டாவதில் தோற்றோம். அதிலும் முதலில் செத்தது நான்தான், அதை எல்லாரும் பார்த்தார்கள். இனி ஒரே ஒரு ஆட்டம். கேப்டன் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

"அத்தை..." என்றாள்.

ஹேண்ட்போன் கடைக்காரர் எழுந்து நின்றார். நானும் எழுந்தேன். வந்தவர் நிற்க நான் உட்கார்ந்திருப்பதாவது? "வாங்க தம்பி, உக்காருங்க" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாற்காலியைக்கூட அவர் பக்கம் லேசாகத் திருப்பிவிட்டேன். அப்புறம் என்ன தோன்றியதோ, அதே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

"நான் எந்திரிக்க மாட்டேன்" என்றேன். "இது எனக்கு வேணும். நான்தான் ஆடுவேன்."

குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. டயர் கடைத் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு இது வேண்டும் என்று அந்த வீட்டில் நான் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. எனக்கே கேட்டுப் பழக்கமில்லை. கேப்டன் ஒரு நிமிஷம் யோசித்தாள். ஹேண்ட்போன் கடைக்காரர், "அக்காவே ஆடட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர்தான்.

மூன்றாவது ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. எங்கள் கோபுரங்களில் பாதி விழுந்துவிட்டது, அவர்களுடையதும் அப்படித்தான். ஆட்டம் முற்றிவிட்டால் செத்தவர் எழுந்து வர வெகுநேரமாகும். அதனால் அடுத்த சண்டையில் யார் பக்கம் ஆள் மிஞ்சுகிறதோ அவர்களுக்குத்தான் கோட்டை. அந்தச் சண்டை களத்தின் நடுவே ஓடும் ஆற்றில் மூண்டது. என் கணவர் வழக்கம்போலப் பிரேக் இல்லாமல் உள்ளே புகுந்தார். எதிரிகள் ஐந்து பேரும் அவர்மேல் விழுந்தார்கள். இந்தப் பக்கம் எனக்கும் அடி, உயிர்க்கோடு சிவப்பு நூல். ஊற்றுவதற்கு என்னிடம் ஒரே ஒரு தடவைதான் இருந்தது.

"ஏய், ஊத்து ஊத்து" என்று பக்கத்திலிருந்து அவர் கத்தினார். காதில் மாட்டியதிலும் அதே குரல், நேரிலும் அதே குரல். இருபது வருஷமாக அந்தக் குரல் கூப்பிட்டு நான் போகாமல் இருந்ததில்லை.

எனக்கு ஊற்றிக்கொண்டேன்.

அவர் விழுந்தார். டயர் கடைத் தம்பி விழுந்தான், நர்சிங் பெண்ணும் விழுந்தாள். நான் பின்னால் ஒதுங்கி நின்றேன். உயிரோடு நின்றேன். இப்படியொரு நேரத்தில் நான் உயிரோடு இருந்து பழக்கமில்லாததால் என்ன செய்வதென்றே முதலில் புரியவில்லை. கேப்டன் தனியாக நின்று அடித்துக்கொண்டிருந்தாள். ஊற்றுகிற பொத்தான் மறுபடி எரிந்ததும் அவளுக்கு ஊற்றினேன், அடுத்த தடவை எனக்கு, அப்புறம் மறுபடி அவளுக்கு. அவள் ஒவ்வொருவராக எதிரிகளைச் சாய்த்தாள். பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் நடந்து போய் அவர்கள் கோட்டையை உடைத்தோம்.

ஹால் முழுக்கச் சத்தம். கேப்டன் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அடுத்த சுற்றில் வேறொரு அணி எங்களை அடித்து விரட்டியது, அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. அதிலும் எல்லா ஆட்டத்தையும் நான்தான் ஆடினேன், அது போதும். நாங்கள் ஜெயித்த அந்த மூன்றாவது ஆட்டத்தின் சாவு வரிசையில் உச்சியில் இருந்தவர் என் கணவர். நாள் முழுக்க அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "கூப்பிட்டேன்ல" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

எல்லாம் முடிந்ததும் பசி. பழக்கதோஷத்தில் கரண்டியைத் தேடி எழுந்தேன். பார்த்தால் இவர் எனக்கு முன்னால் சமையலறைக்குள் போய்விட்டார். தட்டெடுத்து, சோறு போட்டு, சட்டியைத் துழாவித் தொடையை எடுத்து வைத்து, மேலே குழம்பும் ஊற்றிக்கொண்டு வந்தார். நர்சிங் பெண்ணுக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது. நானும் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். மனிதர் நேராக வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து, தன் முன்னால் தட்டை வைத்துக்கொண்டார்.

"என்னா பாக்குறீங்க? செத்தவனுக்குப் பசிக்காதா?" என்றார்.

கேப்டன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கும் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். சட்டியிலிருந்து எடுத்து வந்த கழுத்துத் துண்டை அவர் தட்டில் வைத்துவிட்டு, அவர் தட்டிலிருந்த தொடையை எடுத்து என் தட்டில் வைத்துக்கொண்டேன். கேட்கவில்லை, எடுத்துக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், தொடையைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். ஒருவரும் அவருக்குத் துணைக்கு வரவில்லை. பெருமூச்சு விட்டுக் கழுத்தை எடுத்துக் கடித்தார். இந்தப் பக்கம் திருப்பிக் கடித்தார், அந்தப் பக்கம் திருப்பிக் கடித்தார். அப்புறம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே. வெறும் எலும்புதானே" என்றார், குரலை இறக்கி. "இத்தன வருஷமா இதையா சாப்ட்டுக்கிட்டிருந்த?"

என் வாய் நிறையத் தொடை இருந்தது.